வன்னி மக்களின் வாய்மொழிச் சான்று

வன்னிப் பெருநிலத்திலே, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடு என்னும் ஊரில், நெடுங்காலம் ஒரு கல் நின்றது. கப்டன் வொன் டிறிபேர்க் என்பார் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆந் திகதி இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதிற் பொறிக்கப்பட்டிருந்த செய்தி. வென்ற தரப்பார் தம் மொழியில் எழுதி வைத்த செய்தி அது. அதற்கு இரண்டு திங்களுக்கு முன், அதே ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி அங்கிருந்த ஆங்கிலப் படையை வெளியேற்றியதை அக்கல் சொல்லவில்லை. அதனைச் சொல்லி வந்தது ஊரார் வாய். அவன் எங்கே, எப்பொழுது இறந்தான் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் வன்னியிலே அவன் பெயர் அறியாத சிறுவன் இல்லை. பிற்காலத்தில் முல்லைமணி அவனை நாடகத் தலைவன் ஆக்கினார். 2010ஆம் ஆண்டில் அக்கல் உடைத்தெறியப்பட்டது. அதன்பின்னும் ஊரார் கதை சொல்வதை நிறுத்தவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் நடந்த பெரும்போருக்கும் வாய்மொழியே பெரிய சான்றாய் எஞ்சியிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற அந்தப் போரின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் பல. ஆயின், அந்நாட்களில் அங்கே நின்று குறிப்பெடுத்த வெளியார் மிகச் சிலர். 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போக வேண்டாமென்று மக்கள் அவர்களுடைய அலுவலக வாயிலிலே கூடி நின்று வேண்டினர். சுதந்திரமாகச் செய்தி திரட்ட விரும்பிய பத்திரிகையாளருக்குப் போர்முனைக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. கச்சேரியும் ஆசுபத்திரியும் மக்களோடு மக்களாய் இடம்பெயர்ந்தன. பிறப்புச் சான்று, காணி உறுதி, பிள்ளைகளின் படம், பாடசாலைப் பதிவேடு ஆகியவற்றிற் பெரும்பகுதி வழியிலே அழிந்தது.

ஏடு இல்லாத இடத்தில் எண் எப்படித் தடுமாறும் என்பதற்கு அந்த மாதங்களே உதாரணம். 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் வன்னியில் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் இருப்பதாக அங்கிருந்த மேலதிக அரசாங்க அதிபர் கணக்கிட்டார். கொழும்பு அரசாங்கமோ 70 ஆயிரம் பேர் என்றது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு அவர்கள், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 2011ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தோர் 429,059; அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380; எஞ்சியோர் 146,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே ஆயரின் கேள்வி. அதே 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, இறந்த பொதுமக்கள் 40 ஆயிரம் வரையில் இருக்கக்கூடும் என்றது. அரசாங்கம் இவற்றை ஏற்கவில்லை. எண்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே நிற்கின்றன.

எந்த எண் சரியென்று முடிவாயினும், அதற்குள் அடங்கிய ஒருவர் எந்த ஊரார், எந்தக் குழிக்குள் இருந்தார், இறக்குமுன் யாரைக் கூப்பிட்டார் என்பது எண்ணிலே இராது. அதைச் சொல்லக்கூடியவர் அருகில் இருந்தவரே. அவருக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் வன்னியில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது அவசரமான பணியாயிற்று.

வாய்மொழி வரலாறு என்றவுடன் நாட்டார் கதையையும் நாட்டார் பாடலையும் எண்ணுவோர் பலர். அவை வேறு, இது வேறு. ஒருவர் தாம் கண்டதையும் பட்டதையும் தம் வாயாற் சொல்ல, மற்றொருவர் முறையாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, பிறர் வந்து ஆராயும்படி காத்து வைப்பதே வாய்மொழி வரலாறு. அமெரிக்க நாட்டுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1948ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கினார். அவர் தேடிச் சென்றவர் பெரும்பாலும் பெரிய மனிதர். சாதாரண மக்களின் பேச்சும் வரலாறே என்ற எண்ணம் பிற்பாடு வலுப்பெற்றது. சோவியத்துப் படையிற் சண்டையிட்ட பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் பேச்சைத் தொகுத்தவர் சுவெத்லானா அலெக்சியேவிச். 2015ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்திய பாகிஸ்தான் பிரிவினையின்போது பெண்களுக்கு நேர்ந்தவற்றை, ஐம்பது ஆண்டுகளாகப் பேசப்படாமற் கிடந்தவற்றை, ஊர்வசி புட்டாலியா கேட்டு 1998ஆம் ஆண்டில் நூலாக்கினார். அத்துணைக் காலம் காத்திருந்தமையாற் கேட்க முடியாமற்போன குரல்கள் எத்தனையோ.

வன்னிக்கென ஒரு தனித்தன்மை உண்டு. வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் மூன்று பக்க வினாப்பத்திரத்தை விரித்து, எந்தத் திகதியில் அது நடந்தது என்று முதற் கேள்வி கேட்பாராயின், எதிரே இருப்பவர் திகைப்பார். அவருடைய நினைவிலே திகதி இல்லை, இடம் இருக்கிறது. மன்னார்ப் பக்கத்து மக்கள் மடுவிலிருந்தும் அடம்பனிலிருந்தும் புறப்பட்டு, வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்தனர். அங்கிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை. பின்னர் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டு: மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஈற்றில் வட்டுவாகற் பாலம். இவ்வூர்ப் பெயர்களே அம்மக்களின் பஞ்சாங்கம். “மாத்தளனில் இருக்கேக்கை” என்று ஒருவர் தொடங்கினால், அது 2009ஆம் ஆண்டு பெப்ரவரிக்கும் ஏப்பிரலுக்கும் இடைப்பட்ட காலம் என்று கேட்போர் கண்டுகொள்ளலாம். கிளிநொச்சி நகர் சனவரி 2ஆந் திகதி படையினர் கைக்கு மாறிற்று. காயமுற்றோரை ஏற்றச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிற் கப்பல் மாத்தளனுக்கு முதன்முதல் வந்தது பெப்ரவரி 10ஆந் திகதி. இத்தகைய முளைகள் சிலவற்றை அறிந்து வைத்திருப்பவர், கப்பல் வருமுன்னா வந்தபின்னா என்று ஒரு சொற் கேட்டு, சொல்பவரை இடறாமலே காலத்தைக் கணித்துவிடுவார். ஆகையால், எப்பொழுது என்று கேட்பதிலும் எங்கே இருந்தீர்கள், அடுத்து எங்கே போனீர்கள் என்று கேட்பதே முறை. வழியைச் சொல்லத் தொடங்கியவர் மற்றெல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுவார்.

அவ்வழியும் 2008ஆம் ஆண்டிலே தொடங்குவதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்து வன்னிக்கு வந்தவர் இருக்கிறார். 1996இற் கிளிநொச்சியை விட்டு ஓடியவர் இருக்கிறார். 1997இல் ஜயசிக்குறு என்ற படை நடவடிக்கையால் ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் வீடிழந்தவர் இருக்கிறார். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையிற் பிள்ளைகளைப் பறிகொடுத்து, எஞ்சியவரைப் போரிற் பறிகொடுத்த முல்லைத்தீவுக் கரையோரத்தார் இருக்கின்றனர். மலையகத்திலிருந்து 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்கு அஞ்சி வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் போர் தம் மூன்றாம், நான்காம் இடப்பெயர்வு. கடைசி ஐந்து மாதங்களை மட்டும் கேட்டுப் பதிந்துகொண்டு போகிறவர், ஒரு நூலின் கடைசி இயலை மட்டும் கிழித்தெடுத்துச் செல்பவரை ஒப்பர். நல்ல பதிவு பிறந்த ஊர், குளம், வயல், முதற் கலியாணம், முதற் பிரிவு என்று தொடங்கும். கேட்பவர் அவற்றிலும் அக்கறை உடையவர் என்று கண்டபின்னரே சொல்பவர் மற்றதற்கு வருவார். கொடிய இடத்திற் பேச்சை அறுத்துக்கொண்டு எழுந்து போகாமல், இன்றைய வீடு, தோட்டம், பேரப்பிள்ளை என்று மெல்ல மீட்டுக்கொண்டு வந்து விடைபெறுவதும் இப்பணியின் ஒழுக்கமாகும்.

நினைவு பிழைபடும் அன்றோ என்று ஐயுறுவார் உளர். பிழைபடும். இத்தாலியிலே தெர்னி என்னும் உருக்குத் தொழில் நகரில் 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி பொலிசாராற் கொல்லப்பட்டான். வட அத்திலாந்திக்கு உடன்படிக்கையை எதிர்த்து நடந்த ஊர்வலத்தின்போது அது நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அலெசாந்திரோ போர்த்தெல்லி என்னும் அறிஞர் அந்நகரத்தாரைக் கேட்டபோது, பலர் அவன் 1953ஆம் ஆண்டில், ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலை நீக்கப்பட்டதை எதிர்த்த கிளர்ச்சியில் இறந்தான் என்றனர். போர்த்தெல்லி இப்பிழையைத் திருத்திவிட்டு அகலவில்லை; ஏன் இப்படி நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வேலை நீக்கமே அவ்வூரார் வாழ்வைப் பிளந்த நிகழ்ச்சி. தம்மவன் ஒருவனுடைய சாவு அதற்கு ஒவ்வாத சிறு காரணத்துக்காக நேர்ந்ததென்று கொள்ள அவர்கள் மனம் இசையவில்லை. திகதி பிழை, அப்பிழை சொல்லும் செய்தியோ மெய். வன்னியிலும் ஒருவர் இரண்டு நாட் குண்டுவீச்சை ஒரே நாளாகச் சேர்த்துச் சொல்லக்கூடும். வலைஞர்மடத்தில் நடந்ததை முள்ளிவாய்க்காலில் வைத்துக் கூறக்கூடும். பதிபவர் அவ்விடத்திற் குறுக்கிடலாகாது, திருத்தியெழுதவும் ஆகாது. பிறர் கூற்றோடு ஒப்பிட்டுக் குறிப்பு வேறாக எழுதி வைக்கலாம். நீதிமன்றம் கேட்பது வேறு வகைச் சான்று. அதற்குத் திகதியும் பெயரும் குறுக்கு விசாரணையும் வேண்டும். வாய்மொழி வரலாற்றைப் பதிபவர் நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தால் இரண்டும் கெடும்.

சொல்லச் சொன்னாற் சொல்லாதவரும் ஒரு பொருளைக் கையிற் கொடுத்தாற் பேசுவர். கடற்கரை மணலிலே தோண்டிய பதுங்குகுழி நில்லாது. ஓரம் சரிந்து விழும். அதை நிறுத்த மண்மூடை வேண்டும். மூடைக்குச் சாக்கு இல்லை. பெண்கள் தம் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினர். நூற்சேலை முடிந்தபின் பட்டுச்சேலை, ஈற்றிற் கூறைச்சேலை. எந்தச் சேலையை முதலில் வெட்டினார், எதைக் கடைசிவரை வைத்திருந்தார் என்று கேட்டால் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் வெளிவரும். அரிசியும் உப்பும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியும் அத்தகையதே. கஞ்சி கொடுக்கும் இடத்தில் வரிசையிலே நின்ற பிள்ளைகள் எறிகணைக்கு இரையாயினர் என்பதை உயிர் பிழைத்தோர் பலர் கூறுவர். இன்று மே மாதந்தோறும் தமிழூர்களிலே அதனை முள்ளிவாய்க்காற் கஞ்சி என்று காய்ச்சி வழங்குகின்றனர். 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் சம்பூரில் அதனை வழங்கியோர் கைது செய்யப்பட்டனர். ஒரு கிண்ணக் கஞ்சியையும் அஞ்சும் காலத்திலே ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டு சொல்பவர் அஞ்சுவதில் வியப்பில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவிய ஆசிரியர் தா. சனாதனன் மற்றொரு வழியைக் கண்டார். இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் அணுகி, இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். எண்பது பேரின் படங்களும் கூற்றுகளும் அடங்கிய அந்நூல் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறைவுறாத தோம்பு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. கோணலான கோடுகளாலே கிணறும் மாமரமும் சாமியறையும் குறித்த அப்படங்கள், அரசாங்கப் பதிவேட்டில் ஏறாத ஒரு காணிப் பதிவேடு ஆயின. வரைந்துகொண்டிருக்கும் கை ஓரிடத்தில் நிற்கும். அவ்விடத்திலே பேச்சுத் தொடங்கும். இந்த உத்தியைப் பிற பதிவாளரும் கையாளுகின்றனர்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்காலத்தில் வன்னி மக்கள் தமக்கென ஒரு சொற்றொகுதியை ஆக்கிக்கொண்டனர். இஸ்ரேலியர் செய்த ஒரு விமானத்தின் பெயர் கிபிர். அது வன்னித் தமிழிலே குண்டு வீசும் விமானம் எதற்கும் பொதுப்பெயர் ஆயிற்று. ஆளில்லாமல் மேலே சுற்றி வேவு பார்க்கும் விமானத்தை அதன் இரைச்சல் காரணமாக வண்டு என்றனர். பதுங்குகுழி பங்கர் ஆயிற்று. எறிகணை செல் ஆயிற்று. செட்டிகுளத்தை அடுத்த மெனிக் முகாமின் பகுதிகளுக்கு அரசாங்கம் ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியார் பெயர்களைச் சூட்டியிருந்தது. முள்ளுக்கம்பிக்குள் இருந்தவரோ சோன் என்ற சொல்லோடு எண்ணைச் சேர்த்தே பெரும்பாலும் வழங்கினர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. சொல் மட்டும் பேச்சிலே நிற்கிறது. பதிவை எழுத்தாக்குவோர் இச்சொற்களை நீக்கி, விமானத் தாக்குதல், நலன்புரி நிலையம் என்று நல்ல தமிழாக மாற்றிவிடுவதுண்டு. திருத்தமான தமிழின் மீதுள்ள பற்று இவ்விடத்திலே தீங்காய் முடியும். யாழ்ப்பாணப் பேச்சும் மலையகப் பேச்சும் வன்னிப் பேச்சும் ஒலித்தபடியே எழுதப்படல் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை அவ்வாறு எழுத ஆறு ஏழு மணி நேரமாயினும் செல்லும். அதற்குப் பொறுமை வேண்டும்.

சொல்லின் இலக்கணமே வழக்காய் நிற்கும் இடமும் உண்டு. காணாமற்போனோர் என்பது பழைய வழக்கு. போனார் என்ற வினைக்கு எழுவாய் போனவரே. அவரைப் போக்கினவர் எவரும் அச்சொல்லில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் என்று தாய்மார் சொல்லத் தொடங்கினர். ஆக்கப்பட்டோர் என்னும் செயப்பாட்டு வினை, ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதை உட்கொண்டு நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அரச அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிற் காணாமற்போன ஆட்கள் என்ற தொடரே இருக்கிறது. கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் பதாகைகளில் மற்றைச் சொல் இருந்தது. வட்டுவாகலிலே தம் பிள்ளையையும் கணவரையும் படையினரிடம் தம் கையாலே ஒப்படைத்ததாகக் கூறுவோர் அவர்களுட் பலர். அவர்களிற் சிலர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனுவும் செய்தனர். விடை காணாமலே இறந்துபோன பெற்றோர் பலர். அவர்களுட் பதிவு செய்யப்படாமற் போனவரும் உளர்.

இனி, எளிதிற் சொல்லப்படாதவை. நிபுணர் குழு இரு தரப்பின் மீதும் குற்றஞ் சாட்டியது. தாக்குதலற்ற வலயம் என்று அறிவித்த பகுதிக்குள்ளும் ஆசுபத்திரிகள் மீதும் எறிகணை வீசியதாக அரச படையைக் குறித்துக் கூறியது. மக்களைக் கேடயமாக வைத்திருந்ததாகவும், தப்பியோடியவரைச் சுட்டதாகவும், பிள்ளைகளை வலிந்து படையிற் சேர்த்ததாகவும் விடுதலைப் புலிகளைக் குறித்துக் கூறியது. முதலாவதைச் சொல்ல அஞ்சுவோர் உண்டு; இரண்டாவதைச் சொல்லக் கூசுவோரும் உண்டு. மகனைப் பிடித்துக்கொண்டு போனவர் அடுத்த தெருவிலே இருந்தவராயின், அத்தெருவிலே மறுபடியும் குடியிருக்க வேண்டிய தாய் எதைச் சொல்வாள்? வன்னியிலிருந்தும் வடக்கின் பிற பகுதிகளிலிருந்தும் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரம் வரையான முஸ்லிம்களின் நினைவும் வன்னியின் நினைவே. அவர்கள் புத்தளத்து முகாம்களிலே முதுமை அடைந்தனர். வவுனியாவின் எல்லைப்புறச் சிங்களக் கிராமத்தாருக்கும் இரவுகளைப் பற்றிச் சொல்ல உண்டு. தம்மவர் துயரை மட்டும் பதிந்து பிறர் துயரை விடும் தொகுப்பு, கற்சிலைமடுக் கல்லைப் போல ஒருபக்கச் செய்தி சொல்லும்.

பெண்கள் பெண்களிடமே சொல்லும் செய்திகள் உண்டு. கணவன் இருக்க ஒருத்தி பேசுவது வேறு. அவன் வெளியே சென்றபின் பேசுவது வேறு. 2012ஆம் ஆண்டளவிலே ராதிகா ஹெட்டியாராச்சி தொடங்கிய ஹேர் ஸ்ரோரீஸ் என்ற முயற்சி இதனை நன்குணர்ந்தது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மாரின் வரலாறுகளை அது திரட்டிற்று. ஒலிப்பதிவு மட்டுமன்றி, தாய்மார் தம் கையால் எழுதிய கடிதங்களும், ஊரின் நினைவுப் படங்களும், வேரும் கிளையுமாக வாழ்வை வரைந்து காட்டும் மரப் படங்களும் அதில் உள்ளன. முல்லைத்தீவுத் தாயின் கடிதமும் தெற்கே போர்வீரனாய் மடிந்தவனுடைய தாயின் கடிதமும் ஒரே தொகுப்பிலே கிடக்கின்றன. இது சிலருக்கு உவப்பாகவும் சிலருக்கு வெறுப்பாகவும் இருக்கலாம். ஆராய வருபவர்க்கு இரண்டும் வேண்டும்.

ஒரே கதையைப் பலமுறை சொல்லி அலுத்தவரும் வன்னியில் ஏராளம். 2010ஆம் ஆண்டிலே நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சொன்னார்கள். 2013ஆம் ஆண்டிலே காணாமற்போனோரை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன்னும் சொன்னார்கள்; அங்கே மொழிபெயர்ப்புச் சரியில்லை என்ற முறைப்பாடு பலமாய் எழுந்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான கலந்தாலோசனைச் செயலணிக்கு நாடெங்குமிருந்து 7,306 கூற்றுகள் கிடைத்தன. அதன் அறிக்கை 2017ஆம் ஆண்டு சனவரியில் வெளியாயிற்று. சொன்னவர் வீடு திரும்பினர். பலருக்குத் தாம் சொன்னது எங்கே எழுதி வைக்கப்பட்டது என்பதும் தெரியாது. ஆகையால், புதிதாக ஒருவர் கருவியோடு படலையிலே வந்து நின்றால், இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. பிள்ளை கிடைக்குமென்று சொல்லக்கூடாது. நட்டஈடு வருமென்றும் சொல்லக்கூடாது. உங்கள் பேச்சு உங்கள் பேச்சாகவே பேணப்படும், அதன் ஒரு பிரதி உங்களிடமே இருக்கும் என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்கப் பதிவாளருக்கு உரிமை இல்லை.

பெயர் வெளியிடுவதா மறைப்பதா என்பது இதிலே மிகக் கடினமான கேள்வி. சொன்னவரைத் தேடி விசாரணைக்காரர் வருதல் வன்னியில் நடவாத காரியமன்று. பெயரை மாற்றினாற் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் தொகை ஆகியவற்றைக் கொண்டே அயலவர் ஆளைக் கண்டுகொள்வர். 2004 முதல் 2008 வரை கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் சபையிற் பணிபுரிந்த பெஞ்சமின் டிக்ஸ், உயிர் தப்பியோரின் கூற்றுகளைத் திரட்டி, லின்ட்சே பொலக்கின் சித்திரங்களோடு 2019ஆம் ஆண்டில் வன்னி என்ற பெயரிலே படக்கதையாக வெளியிட்டார். படக்கதை சிறுவர்க்குரியது என்று எண்ணுவோர் அந்நூலைப் பார்த்தல் நலம். நிழற்படம் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். சித்திரம் முகத்தை மறைத்து நிகழ்ச்சியைக் காட்டும். பலர் சொன்னவை அங்கே கற்பனைக் குடும்பங்களின் கதையாய் வருகின்றன. ஆனால், தம் பெயர் மறைக்கப்படுவதை விரும்பாதவரும் உண்டு. தம் பிள்ளையின் பெயர் எங்கேனும் எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே பேச வந்த தாயிடம், பாதுகாப்புக் கருதி அப்பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்வது அவளுக்கு இரண்டாம் இழப்பாகலாம். ஆகவே ஒப்புதலை ஒரே கையொப்பத்தோடு முடித்துவிடாமல், எதை வெளியிடலாம், எதை ஆராய்ச்சியாளர் மட்டும் கேட்கலாம், எதைச் சொன்னவர் இறக்கும்வரை பூட்டி வைப்பது என்று பகுதி பகுதியாகக் கேட்டு எழுதுதல் வேண்டும். எழுதியபின் மனம் மாறினால் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது காப்பு. கைப்பேசியிலே பதிந்த குரல் அக்கைப்பேசியோடு தொலைந்துபோவதுண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த சமூகம், ஒரே இடத்திலே ஒரே பிரதியை வைப்பதன் ஆபத்தை நன்கறியும். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம ஆவணகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படமாக்கிக் காப்பதோடு, வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது. ஒலிப்பதிவொன்று பயன்பட வேண்டுமானால், அதனோடு இடமும் நாளும், பதிந்தவர் பெயரும், பேசியவர் விதித்த நிபந்தனையும், ஊர்ப் பெயர்களின் அகரவரிசையும் சேர்ந்திருத்தல் வேண்டும். அவை இல்லாத ஒலிப்பதிவு, முகவரி இல்லாத கடிதம் போலக் கிடக்கும். உள்ளூர்ப் பாடசாலை ஆசிரியரும் நூலகரும் இதிலே பயிற்சி பெற்றால், வெளியூரார் வந்து போகும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அயலிலே இருப்பவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சென்று கேட்கலாம். முதல் நாளிலே ஊர்களின் பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்தியவர், மூன்றாம் முறை சென்றபோது ஒவ்வோர் ஊரிலும் யார் யாரை விட்டுவந்தார் என்று சொல்லத் தொடங்குவதும் உண்டு.